முதல் வாய்

இரவு இரண்டேகால் மணி. காஞ்சனபுரியிலிருந்து சுபன்புரி போகிற பழைய ரோடு... நடுவில் ஒரு இருபது கிலோமீட்டருக்கு இரண்டு பக்கமும் கரும்பு மட்டும்தான். விளக்கு கிடையாது. வீடு கிடையாது. வெட்டு மாதம் என்பதால் எங்கேயோ தோகையைக் கொளுத்தியிருந்தார்கள். ஜன்னலை ஏற்றிவிட்டாலும் அந்தக் கருகல் வாசனை உள்ளே வந்துவிடும். அந்த ரோட்டில் ஒரு வேன் தனியாகப் போகிறது.

கிட்ட வந்து உட்காருங்கள். மேலே லைட் வைத்து முடிக்க இன்னும் அரை மணி நேரம் ஆகும். கம்ரோன் அண்ணன் ஏழாவது மாடியிலிருந்து குதிக்கும்வரை இங்கே நமக்கு என்ன வேலை? கொசுவுக்குச் சாப்பாடு போடுவதுதான். ஃபைலின், அந்தக் காபியைக் கொடு. இடது கையில் கொடும்மா, என் வலது கை தூக்காதென்று உனக்குத் தெரியாதா? கிரிட், அந்த வாக்கிடாக்கியின் சத்தத்தைக் குறை. குறைக்கத்தான் சொன்னேன். அணைத்துவிடாதே.

வேனை ஓட்டினவன் என் சகலைக்குத் தம்பி முறை. சினிமாக் கம்பெனி டிரைவர், என்னைப் போல. பெரிய கெட்டவன் இல்லை. பொறுமை மட்டும் கிடையாது. சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கச் சொன்னால்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

பாழடைந்த சர்க்கரை ஆலை ஒன்றில் ஷூட்டிங். அரக்கர் படம். அந்தக் கதையில் ஒவ்வொரு அரக்கனுக்கும் ஒரு சக்தி, ஒவ்வொரு சக்திக்கும் ஒரு விலை. நெருப்பு கக்குகிறவனுக்கு நாக்கு வெந்து போகும். சுவரில் நடக்கிறவனுக்குக் கண் அவிந்து போகும். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அந்த விலையை அவனவனே கொடுப்பதாக எழுதியிருந்தார்கள் பாருங்கள், அங்கேதான் தப்பு.

பெரிய அரக்கனுக்கு டூப் போட்டவன் ஒரு பையன். எல்லாரும் அவனைத் தவளை என்று கூப்பிடுவார்கள். பிறந்தபோது அவ்வளவு அழகாக இருந்தானாம். பேய் பார்த்து ஆசைப்பட்டுவிடக் கூடாது என்று அவன் அம்மா பூன்மா வைத்த பெயர் அது. நம் வீடுகளில் வைப்பதுதானே. என்ன கிரிட், சிரிக்கிறாய்? உன்னை வீட்டில் பன்றிக்குட்டி என்று கூப்பிடுவது எனக்குத் தெரியாதா?

அதற்கு முந்தின படத்தில் தவளைக்கு இரண்டு விலா எலும்பு போயிருந்தது. இதில் மூன்று மாடி உயரத்திலிருந்து விழ வேண்டும். பயந்துவிட்டான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் பயம்தான். ஆலையில் பழைய கொதிகலனுக்குப் பின்னால் ஒரு மரத்தலை இருந்தது. அரக்கன் தலை. கறுப்புத் துணி சுற்றி, ஒரு கோரைப்பல் உடைந்து... கரும்பு வெட்டுகிறவர்கள் அதற்கு வேண்டிக்கொள்வார்களாம். ஆலைக் காவல்காரி சங்குவன் எந்நேரமும் வெற்றிலை மெல்லுகிற பெண். அவள்தான் முறையைச் சொன்னாள். டிரைவரும் பக்கத்தில் நின்று கேட்டான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அவனும் கேட்டான்.

"இது வலியை அழிக்காதுப்பா, தள்ளித்தான் வைக்கும், ஒரு தடவை வேண்டிக்கிட்டா ஆயுசுக்கும். விழும்போது ஒண்ணும் தெரியாது. வேலை முடிஞ்சு படுத்தப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வரும், தாங்கிக்கலாம். பன்னித்தலை வை. ஊதுவத்தி அடிவரைக்கும் எரிஞ்சு அணையணும். அப்புறம் 'எடுத்துக்கறேன்'னு அனுமதி கேளு. வேண்டிக்கிட்டவன்தான் முதல் வாய் சாப்பிடணும்."

"வேற யாராச்சும் சாப்பிட்டுட்டா?"

"சாப்பிட்டவங்க தலையில விடியும். அவங்களுக்குத் தவணை கிடையாது. நீ விழுந்த அந்த நிமிஷமே, மொத்தமா. அவங்க செத்தா ரெண்டாவதா வாய் வச்சவங்களுக்கு, அப்படியே வரிசையா."

சொல்லிவிட்டுப் புளிச்சென்று துப்பினாள்.

தவளை எல்லாம் வாங்கினான். வேகவைத்த பன்றித்தலை, சிவப்புக் கலர் சோடா, முழ நீளத்துக்கு ஒரு ஊதுவத்தி. மறுநாள் அவன் அம்மாவுக்கு அறுபது வயது நிறைகிறது. ஷூட்டிங்கை விட்டு அவனால் போக முடியாது. டிரைவர் எப்படியும் விடிவதற்குள் சுபன்புரி போய் உடுப்பு மூட்டை எடுத்து வர வேண்டும், அம்மா வீடும் அங்கேதான்.

"அண்ணே, அம்மாவுக்குப் பன்னிக் காதுன்னா உசுரு. வத்தி அணைஞ்சதும் என்கிட்ட ஒரு வாய் கொண்டு வந்து ஊட்டிட்டு, மிச்சத்தை அவங்களுக்குக் கொண்டு போயிடுண்ணே. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவனால் எழுந்து வர முடியாது. ராத்திரி ஷாட்டுக்கு அரக்கன் மேக்கப், நான்கு மணி நேரம். நாற்காலியில் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தான்.

டிரைவர் வத்திக்கு முன்னால் போய்க் குந்தினான். பதினொன்று... பன்னிரண்டு... பாதிகூட எரியவில்லை. கொசு. தூக்கம். இப்போது கிளம்பினால் சுபன்புரியில் இரண்டு மணி நேரம் படுக்கலாம். அவ்வளவுதான் காரணம். வேறொன்றுமில்லை. பெரிய சதி என்றால்கூடச் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

விரலில் எச்சில் தொட்டு வத்தியை நசுக்கினான். ஸ்ஸ்... தூக்கி வெளியே எறிந்தான். அனுமதியும் கேட்கவில்லை. தலையைச் செய்தித்தாளில் சுற்றி வேனில் பின் சீட்டில் வைத்தான். தலையை வெட்டிக்கொண்டு நின்றால் வத்தி அணைந்ததா என்று யாராவது கேட்பார்கள் இல்லையா? அதனால் சமையல் வண்டிக்குப் போய், குழம்புச் சட்டியிலிருந்து ஒரு துண்டு பன்றிக்கறியை எடுத்துக் கழுவி, தவளையிடம் கொண்டுபோனான்.

வாய் நிறைய அரக்கன் பல், பசை. பல்குத்தியில் குத்தி ஓரமாகத்தான் உள்ளே தள்ள முடிந்தது. தவளை கண்ணை மூடி, கை கூப்பிக்கொண்டு மென்றான்.

"நல்லா இருக்குண்ணே," என்றான்.

அந்த டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

இப்போது அந்த ரோடு. இரண்டேகால் மணி.

முதலில் வாசனைதான். கரும்புத் தோகை கருகுகிற வாசனைக்கு அடியில் இன்னொன்று... ஊதுவத்தி. சட்டையில் ஒட்டியிருக்கும் என்று நினைத்தான். ஜன்னலை இறக்கினான். போகவில்லை. இன்னும் அடர்த்தியாக வந்தது. ரேடியோவைத் திருகினான். இரைச்சல்.

கண்ணாடியில் பார்த்தான். பின் சீட்டில், ஆள் உட்கார்ந்தால் மார்பு இருக்கும் உயரத்தில், ஒரு சிவப்புப் புள்ளி. சின்னது. வத்தி முனை.

பிரேக். வேன் அலைந்து நின்றது. உள்விளக்கைப் போட்டுத் திரும்பிப் பார்த்தான்... ஒன்றுமில்லை. செய்தித்தாள் பொட்டலம் வைத்த மாதிரியே இருந்தது. பக்கத்தில் சீட்டின்மேல் சாம்பல். ஒரு விரல் நீளம், உடையாமல், வளைந்தபடி. அத்தனை குழியில் ஏறி இறங்கி வந்த வண்டியில் சாம்பல் உடையாமல் கிடக்கிறது.

இறங்கி ஓடலாம் என்றால் எங்கே ஓடுவது? இரண்டு பக்கமும் கரும்பு. காற்றில்லை, ஆனால் தோகை மட்டும் ஒன்றோடொன்று உரசுகிறது. திரும்ப ஏறி வண்டியை எடுத்தான். கண்ணாடியை மேலே மடக்கிவிட்டான்.

கொஞ்ச தூரம். அப்போது காதுக்குப் பின்னால், பக்கத்தில்... மிரட்டவில்லை. கத்தவில்லை. சாப்பாட்டுக் கடையில் இரண்டு கிண்ணத்தை வைத்துக்கொண்டு கேட்பார்களே, அந்த மாதிரி, சாதாரணமாக.

"யாருக்கு முதல்ல?"

அவன் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தான். அதற்கப்புறம் சுபன்புரி வரைக்கும் ஒரு சத்தமும் இல்லை. யாரோ காத்திருக்கிற மாதிரி இருந்தது.

மூன்றரை மணிக்கு அம்மா வீடு. பூன்மா அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். மகன் சொல்லியிருந்தான் போல. விளக்கைப் போட்டு, பாய் விரித்து, சோறு சூடாக்கி வைத்திருந்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, முழுத் தலையா! கிறுக்குப் பய, காசைக் கரியாக்கியிருக்கான் பாரு."

கத்தி எடுத்துக் காதை மெல்லிசாக நறுக்கினாள். மிளகாயும் எலுமிச்சையும் போட்டாள். முதல் தட்டை அவனுக்கு முன்னால் நகர்த்தினாள்.

"நீ சாப்பிடுப்பா முதல்ல. ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கே. கண்ணெல்லாம் எப்படிக் கிடக்கு பாரு."

பசி. வாயில் எச்சில் ஊறுகிறது. கை தட்டுக்குப் போனது. அப்போதுதான் பின்னால் அந்த வத்தி வாசனை... வாசலில்கூட இல்லை, வீட்டுக்குள்ளேயே.

நான் தட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினேன்.

"இல்லம்மா. உங்க பொறந்த நாளு. நீங்க முதல்ல," என்றேன்.

...

ஏன் எல்லாரும் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஆமாம், நான்தான். சகலையும் இல்லை, தம்பியும் இல்லை. பதினைந்து வருடமாகப் பேய்க்கதை சொல்கிறேன், எந்தக் கதையில் சகலையின் தம்பி நிஜமாக இருந்திருக்கிறான்?

மரியாதைக்குச் சொல்கிறேன் என்று அவள் நினைத்தாள். "எவ்வளவு நல்ல புள்ளை," என்று என் தலையைத் தடவினாள். தடவிவிட்டுத்தான் சாப்பிட்டாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மொறுக் மொறுக்கென்று மெல்லுகிற சத்தம்... விழுங்கினாள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு நிமிடம் காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் நானும் ஒரு தட்டு சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. அதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு கூசுகிறது. நல்ல ருசி.

மறுநாள் சாயங்காலம் நான்கு பத்துக்குத் தவளை விழுந்தான். கயிறு அறுந்து மெத்தைக்கு வெளியே சிமெண்டுத் தரையில் விழுந்தான். எல்லாரும் கத்திவிட்டோம். அவன் எழுந்து தூசி தட்டினான். செத்த மாதிரி நடித்தால் கடைசியில் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் இல்லையா, அந்தச் சாவு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க? அரக்கன் பல்லோடு சிரித்தான். படுத்து எழுந்தான், மறுநாளும் வலியில்லை. சாமிக்குத் தன்னை ரொம்பப் பிடித்துவிட்டது என்று அவனுக்குச் சந்தோஷம்.

அதே நான்கு பத்துக்கு அவன் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். விழவில்லை, வழுக்கவில்லை. உட்கார்ந்தபடி. கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி சத்தம் கேட்டதாம் பக்கத்து வீட்டுக்காரிக்கு. இடுப்பு எலும்பு. டாக்டர் வயசு என்று சொல்லிவிட்டார்.

மருந்து கொடுத்துவிட்டு வரச் சொல்லித் தவளை என்னைத்தான் அனுப்புவான். அவன் கண்ணாடி உடைத்துப் பாய்ந்த வாரம், அவள் கை இரண்டும் கீறல் கீறலாக இருந்தது. தீக்குள் ஓடின வாரம், முதுகில் கொப்புளம். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டு நேரத்தைக் கேட்பேன். "எத்தனை மணிக்கும்மா?" அவளும் சொல்லுவாள். எல்லாம் சரியாக இருக்கும்.

"அவன்கிட்டச் சொல்லாதேப்பா," என்பாள். "ஒசரத்துல நிக்கிற புள்ளை. மனசு கலங்குச்சுன்னா கால் இடறிடும்."

அவளே சொல்லாதே என்றாளா... எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று! இரண்டு வருடம். ஐந்து படம். அவள் வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவன் கயிறு வேண்டாம், மெத்தை வேண்டாம் என்று ஆரம்பித்தான். கயிறில்லாமல் குதிக்கிற ஒரே ஆள் என்று பேப்பரில் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.

ஐந்தாவது படத்தில் பாலத்திலிருந்து குதித்தான். அன்றைக்கு அவள் கட்டிலில் படுத்திருந்தாள். கட்டில் ஆடவில்லையாம். மேலே போர்த்தின துணிகூடக் கலையவில்லையாம். போர்வைக்குள் எப்படி இருந்தாள் என்று குளிப்பாட்டின பெண்கள் யாரிடமும் சொல்லவில்லை.

சாவு வீட்டில் அவன் என் தோளில் சாய்ந்துதான் அழுதான்.

"எனக்கு ஒரு கீறல்கூட விழலண்ணே. என் வலியில பாதியாச்சும் எனக்கு வந்திருந்தா இந்த அம்மா கஷ்டத்தைப் புரிஞ்சுகிட்டிருப்பேன்."

நான் அவனுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டேன். என்ன பார்க்கிறாய் ஃபைலின், ஊட்டுவதில்தான் நான் கெட்டிக்காரன் ஆயிற்றே.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் சிக்னலில் வேனை நிறுத்தியிருந்தேன். டக்கென்று ஒரு சத்தம். என் தோள் எலும்பு. வலி வந்தபோது முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? "இன்றைக்கே அவனிடம் சொல்லிவிட வேண்டும்." அந்த நிமிடமே! அவள் உடம்பில் இரண்டு வருடம் விழுந்தபோது வராத அவசரம், என் உடம்பில் ஒரு எலும்பு போனதும் வந்துவிட்டது. தூ! அந்த வெட்கத்தில்தான் அப்புறம் சொல்லவே முடியவில்லை. இப்போது மட்டும் ஏன் சொல்கிறாய் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

ஆமாம் கிரிட். மேலே நிற்கிற கம்ரோன்தான். அவரைத் தவளை என்று கூப்பிட உலகத்தில் இப்போது நான் ஒருத்தன்தான் மிச்சம்.

உட்கார். நீ எங்கே ஓடுகிறாய்? ஏழு மாடி, லிஃப்ட் இல்லை. வாக்கிடாக்கியில் சொல்வாயா? என்னவென்று? விச்சியன் அண்ணன் பேய்க்கதை சொன்னான், குதிக்காதே என்றா? டைரக்டர் உன்னைத்தான் தூக்கிப் போடுவார்.

நான் போனேன். சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் அறைக்குப் போனேன். ஃபைலின், நீதானே பக்கத்தில் நின்று அவர் கழுத்தில் காயம் வரைந்துகொண்டிருந்தாய்? சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாண்ணே! இவர்தான்டி எங்கம்மாவுக்குக் கடைசியா வயிறு நிறையச் சோறு போட்டவர்," என்று உன்னிடம் சொன்னார். நீகூட எனக்குக் கும்பிடு போட்டாய். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

என் கதை முடிந்தால் முடிந்து போகட்டும். எனக்கு அது தேவைதான். ஆனால் இன்னொன்று இருக்கிறது. அந்தப் பிறந்த நாள் விடியற்காலை மிச்சத் தலையைப் பூன்மா அம்மா கஞ்சியில் போட்டுக் காய்ச்சினாள். பக்கத்து வீட்டில் இரட்டைப் பெண் குழந்தைகள். அப்போது நான்கு வயது, இப்போது ஏழு. வேலி வழியாக இரண்டு கிண்ணம் நீட்டினாள். இரண்டும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டன. எது முதலில் வாய் வைத்தது என்று நான் பார்க்கவில்லை.

அதனால் ஃபைலின்... நாளைக்கு நீ அவருக்கு மேக்கப் போடும்போது சொல்லிவிடு. மெதுவாகச் சொல்லு. பன்றிக்கறி குழம்புச் சட்டியிலிருந்து வந்தது என்பதிலிருந்து ஆரம்பி, அவருக்குப் புரிந்துவிடும். இனிமேல் குதிக்கக் கூடாது என்று சொல்லு. தெரியும்... இப்போதும் இன்னொருத்தரைத்தான் முன்னால் தள்ளிவிடுகிறேன். அதுவும் எனக்குத் தெரிகிறது.

இங்கே யாராவது ஊதுவத்தி கொளுத்தினீர்களா? இல்லையா? சரி.

கிரிட், சத்தத்தைக் கூட்டு. கேட்கிறதா... "எல்லாரும் அமைதி" என்கிறார்கள். கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது.

இந்தக் கப்பை வாங்கிக்கொள், ஃபைலின். இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, கை தவறினால் உன் காலில் கொட்டிவிடும்.